அவையள் என்ன ஆக்கள்

நீர்வேலி
14.01.2024

அன்புத் தங்கை சிவகௌரிக்கு,

அண்ணை எழுதுவது. இங்கே மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கிவிட்டது. இடுப்பில் நாரிப்பிடிப்பைத் தவிர எனக்கு வேறு வருத்தமில்லை. உன் சலரோகம் எப்படி? குளிருக்குள் ஷிப்டுக்குப் போகிறாய், காலில் புண் வராமல் பார்த்துக்கொள்.

நீ போனில் சொன்னதை, தினமும் பேப்பர் கொண்டுவந்து தரும் நவரத்தினம் மாஸ்டர் வந்து சொன்னார். என் காதுக்குப் போன் இனிச் சரிவராது. பக்கத்தில் ஒருவர் நின்று கத்த, நான் “ஆ, ஆ” என்று கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எழுது. எழுத்தென்றால் இரண்டு தரம் வாசிக்கலாம்.

ரூபினி போய் இரண்டு மாதமாகிவிட்டது. அவளின் சாம்பலைப் புதைத்த இடத்தில் கல் வைக்கப் போகிறார்கள், அதில் தமிழிலும் ஒரு வரி வேண்டும், தகப்பனைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று அவளைக் கட்டிய அந்தப் பொடியன் உன்னிடம் கேட்டதாக மாஸ்டர் சொன்னார். கேட்டது மரியாதைதான். கலியாணம் நடந்த நாளிலிருந்து அவனுடைய பெயரை இந்த வீட்டில் ஒருவரும் சொல்ல நான் விட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இராது.

முப்பத்தெட்டு வருடம் நொத்தாரிசாக இருந்து காணி உறுதிப் பத்திரம் எழுதியவன் நான். இன்னாருடைய மகன் இன்னார், இன்ன ஊர் என்று அறியாமல் ஒரு பெயரையும் எழுதியதில்லை. ஆகவே முதலில் இதை விசாரித்து எழுது. லாவெண்டர் என்ற அவனுடைய குடும்பப் பெயருக்கு என்ன கருத்து? எந்த ஊர்ப் பரம்பரை, என்ன ஆக்கள்? அது தெரிந்த பிறகு கல்லைப் பற்றி யோசிப்போம்.

பஞ்சாங்கம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணை
பரமேஸ்வரன்


பிளேஸ்டோ
04.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

கௌரி எழுதுகிறேன். கடிதம் பதினேழு நாளில் வந்து சேர்ந்தது. பஞ்சாங்கத்தைச் சாமிப் படத்தடியில் வைத்திருக்கிறேன். இரத்தத்தில் சீனி கூடவில்லை, சலரோகம் கட்டுக்குள்தான் இருக்கிறது. கால் நல்லாயிருக்கிறது. உங்கள் நாரிக்கு எண்ணெய் பூச யாராவது வருகிறார்களா?

நீங்கள் கேட்ட பெயரைப் பற்றி. லாவெண்டர் என்பது ஒரு பூ, அண்ணை. ஊதா நிறம், நல்ல வாசம். முந்தி எங்கள் வீட்டில் இருந்த பவுடர் டின்னில் அதன் படம் இருந்தது. இங்கே லண்டனுக்குத் தெற்குப் பக்கம் ஒரு காலத்தில் அதை வயல் வயலாக வளர்த்தார்களாம். அப்படி வளர்த்த குடும்பங்களுக்கு அந்தப் பெயர் வந்திருக்கும். பூவின் பெயரில் விசாரிக்க வேறென்ன இருக்கிறது?

ரூபினியின் புருசன் டானியலுக்கு ரெயில்வேயில் சிக்னல் வேலை. அவர் வேலைக்குப் போகும் நாட்களில் மகள் தாரா என்னோடுதான் இருக்கிறாள். நாலரை வயது. சோறும் பருப்பும் என்றால் கோப்பையை வழித்துச் சாப்பிடுவாள். அம்மா எப்போது வருவா என்று கிறிஸ்மஸ் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதில்லை. கேட்ட நாட்களில் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

கல்லுக்கு அவசரமில்லை என்று டானியல் சொன்னார். ஆனால் உங்கள் ஒரே பிள்ளை, அண்ணை. காலம் தாழ்த்த வேண்டாம்.

அன்புடன்
கௌரி


நீர்வேலி
10.03.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு ஆறுதல். எண்ணெய் பூச ஒருவரும் வருவதில்லை, நானே பூசிக்கொள்கிறேன்.

பூப்பெயர் என்று நீ எழுதியதை மாஸ்டருக்கும் வாசித்துக் காட்டினேன். “நல்ல பேர்தானே, ஐயா” என்றார். எனக்கும் மனம் கொஞ்சம் லேசானது. ஆனால் “வந்திருக்கும்” என்று எழுதியிருக்கிறாய். உறுதியில் “இருக்கும்” என்று ஒரு வசனம் எழுத முடியாது. அந்தப் பொடியனுக்குத் தாய் உண்டல்லவா? அவவைப் போய்க் கண்டு, பழைய பதிவு ஏதும் இருந்தால் பார்த்து எழுது.

கல்லுக்கு நான் யோசித்த வரி இது: “நீர்வேலி பரமேஸ்வரன் மகள் சிவரூபினி.” இது போதும். வேறு பெயர் தேவையில்லை.

அந்தப் பிள்ளைக்குப் பருப்போடு கொஞ்சம் நெய் விட்டுக் கொடு.

அண்ணை
பரமேஸ்வரன்


பிளேஸ்டோ
21.04.2024

அன்புள்ள அண்ணைக்கு,

வருடப்பிறப்பன்று ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ரூபினிக்கு மோட்ச விளக்கும் வைத்தேன். சனம் கூடிவிட்டது, நிற்க இடமில்லை. உங்கள் உடம்பு எப்படியென்று இந்த முறை நீங்கள் எழுதவில்லை.

டானியலின் தாய் பியற்றிஸ் வால்தம்ஸ்டோவில் தனியாக இருக்கிறா. எழுபத்தெட்டு வயது. போய் ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். காலமான புருசன் எழுதி வைத்த கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினா. தேவாலயப் பதிவுகளையும் பழைய காணிப் பதிவுகளையும் தேடித் தேடிப் பரம்பரை முழுவதையும் அவர் எழுதியிருக்கிறார். சஃபொக் பக்கத்துக் கிராமம். நானூறு வருடத்துக்கு மேல் அதே ஊரில் இருந்தவர்கள். ரெயில் வந்த பிறகுதான் லண்டனுக்கு வந்திருக்கிறார்கள். அறுநூறு வருடத்துக்கு முந்திய ஒரு பெண்ணில்தான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. பெயர் ஆலிஸ். கைம்பெண். அவளுடைய பிள்ளைகளிலிருந்துதான் லாவெண்டர் என்ற பெயர் வருகிறது. அவளுக்கு முன்னால் யாரென்று தெரியாதாம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ரூபினி எழும்ப முடியாமல் கிடந்த நாலு மாதமும் பியற்றிஸ்தான் வந்து நின்று பார்த்தவ. நான் ஷிப்டுக்கு ஓடுவேன், டானியல் வேலைக்கு ஓடுவார். ஒரு நாளைக்கு மூன்று தரம் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும். மெசினில் போட்டால் கறை போகாது என்று, அந்த வயதில் குளியலறையில் முழங்காலில் இருந்து கையால் தோய்ப்பா. “அவளின்ர அப்பா வருவாரா?” என்று என்னை இரண்டு தரம் கேட்டவ. நான் விசா கஷ்டம் என்று சொன்னேன்.

நீங்கள் எழுதிய வரியை டானியலுக்குச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “என்ர பேரை அவ விரும்பி எடுத்தவ” என்று மட்டும் சொன்னார். பிறகு போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்
கௌரி


நீர்வேலி
26.05.2024

தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன்.

அந்தக் கொப்பியில் ஆலிஸ் என்பவள் என்ன செய்து பிழைத்தாள் என்று எழுதியிருக்குமே. அதை நீ எழுதவில்லை. எழுது.

இன்னொன்று. ரூபினி என்னைக் கேட்டவளா?

பரமேஸ்வரன்


பிளேஸ்டோ
16.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இதை வாசிக்க முன்னம் ஒரு கதிரையில் இருந்துகொள்ளுங்கள்.

நான் உங்களுக்குப் பொய் எழுதினேன். பெப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். இங்கே லைப்ரரியில் வேலை செய்யும் ஷெறோன் என்ற பிள்ளை, குடும்பப் பெயர்களுக்கு விளக்கம் சொல்லும் அகராதி ஒன்றை எடுத்துத் தந்தாள். பூவிலிருந்து வந்த பெயர் இல்லை, அண்ணை. பழைய பிரெஞ்சு மொழியில் துணி வெளுப்பவர்களைச் சொல்லும் வார்த்தையாம். அது இங்கே வந்து மருவி லாவெண்டர் ஆகியிருக்கிறது. எங்கள் பேச்சில் சொன்னால் கட்டாடி ஆக்கள். அகராதியை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பூ என்று உங்களுக்கு எழுதினேன்.

ஆலிஸ் ஒரு பாதிரியார் வீட்டுத் துணி தோய்த்துப் பிள்ளைகளை வளர்த்தவள். தகப்பன் பெயர் போய், தாயின் தொழில் பிள்ளைகளுக்குப் பெயராக நின்றுவிட்டது. பியற்றிஸ் இதைப் பெருமையாகச் சொன்னா. இங்கே கொல்லன், தையற்காரன், தோல் பதனிட்டவன் எல்லாம் குடும்பப் பெயர்களாகத்தான் இருக்கின்றன. ஒருவரும் நின்று யோசிப்பதில்லை. நான் ஏன் ஒளித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டால் நீங்கள் கல்லையும் வேண்டாம் என்பீர்கள் என்று பயந்தேன்.

ரூபினி உங்களைக் கேட்டவள். ஒக்டோபரில், ஆசுப்பத்திரியில் வைத்து. “மாமி, அப்பா இப்பவும் உறுதி எழுதுற மாதிரித்தான் கதைக்கிறவரோ?” என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். போன் போட்டுத் தரட்டுமா என்று நான் கேட்டேன். “வேண்டாம் மாமி. இன்னொருக்கா அவர் போனை வைச்சால் என்னாலை தாங்க ஏலாது” என்றாள்.

எப்போது போனை வைத்தீர்கள், அண்ணை? சமயம் வேறு என்பதால் விட்டுவிட்டதாகத்தானே எங்களுக்குச் சொன்னீர்கள்?

பிழை பொறுக்கவும்.

கௌரி


பிளேஸ்டோ
25.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் எழுதிப் பத்துக் கிழமையாகிவிட்டது. ஒரு பதிலும் இல்லை. மாஸ்டருக்குப் போன் எடுத்தேன். வீட்டில்தான் இருக்கிறார், சாப்பிடுகிறார், கதைப்பதுதான் குறைவு என்றார்.

கோபமென்றால் கோபமென்று ஒரு வரி எழுதுங்கள். தாரா செப்ரெம்பரில் முதலாம் வகுப்புக்குப் போகிறாள். ஏற்கெனவே தன் பெயரை முழுதாக எழுதப் பழகிவிட்டாள். அந்தத் தாளை இத்துடன் வைக்கிறேன். லாவெண்டர் என்பதில் ஓர் எழுத்துத் திரும்பி நிற்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
கௌரி


நீர்வேலி
22.09.2024

அன்புத் தங்கை கௌரிக்கு,

கிட்டத்தட்ட நாலு மாதம் நான் எழுதவில்லை. உடம்பில் வருத்தமுமில்லை, விழுந்து எழும்பவுமில்லை. எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். பிள்ளை எழுதிய தாள் கிடைத்தது.

நீ பொய் எழுதினாய் என்று எனக்குக் கோபமில்லை. அந்தப் பெயரின் கருத்து உனக்கு முன்னமே எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்துப் பதினைந்து ஆவணியில் ரூபினி போன் எடுத்தாள். அப்போது எனக்குக் காது கேட்கும். முற்றத்தில் நின்று கதைத்தேன். டானியல் என்று ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள். நான் வாய் திறக்க முன்னம் அவளே தொடர்ந்தாள். “அப்பா, அவையள் என்ன ஆக்கள் எண்டு நீங்கள் கேப்பீங்கள். அதாலை நானே விசாரிச்சிட்டன். அவையின்ரை பேருக்குக் கட்டாடி எண்டுதான் கருத்து. பிறகு ஆரும் வந்து சொல்லி நீங்கள் நோகக் கூடாது எண்டு நானே சொல்லுறன். எனக்கு அது ஒரு குறையாத் தெரியேல்லை. உங்களுக்கு எப்பிடி, அப்பா?”

நக்கலாகக் கேட்கவில்லை. என் பதிலுக்காக அவள் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. நான் போனை வைத்தேன். பிறகு அவள் எடுத்த ஒரு அழைப்பையும் நான் தொடவில்லை.

அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு நடந்த அன்று, மாற்றுச்சேலை வெளுத்துக் கொண்டுவந்த கட்டாடிப் பெண் நாச்சியைக் கொல்லைப்புறத்தில் வைத்துச் சாப்பாடு கொடுத்தது உனக்கு நினைவிருக்கலாம். அலங்காரத்தோடு இருந்த பிள்ளை, “நாச்சியக்கா ஏன் அங்கை நிண்டு சாப்பிடுறா?” என்று சபையில் கேட்டாள். வாயைப் பொத்து என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்டதேயில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

ஊருக்கும் உனக்கும் சமயத்தைச் சொன்னேன். “தலைமுழுகிப் போட்டன்” என்றேன். பிள்ளையின் தாய், உன் மச்சாள், அதற்கு முன்னமே போய்விட்டாள், இருந்திருந்தால் என்னை விட்டிருக்க மாட்டாள். அறுநூறு வருடத்துக்கு முன் முகம் தெரியாத ஒருத்தி துணி வெளுத்தாள் என்பதற்காகப் பெற்ற பிள்ளையை விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

உன்னை விசாரிக்கச் சொன்னது உன்னைச் சோதிக்க இல்லை. ரூபினி பிழையாக விளங்கியிருப்பாள், வேறு கருத்து இருக்கும் என்று ஓர் ஆசை. நீ பூ என்று எழுதியபோது இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். மூன்றாம் நாள்தான் மண்டையில் ஏறியது. பூவாக இருந்தால் வீணாக இழந்திருக்கிறேன். கட்டாடியாக இருந்தாலும் வீணாகத்தான் இழந்திருக்கிறேன்.

எனக்குப் பயந்த நீ எனக்குப் பொய் சொன்னாய். என்னை நம்பினவள் உண்மையைச் சொன்னாள்.

இந்தக் கடிதத்தை டானியலுக்கு இங்கிலீசில் வாசித்துக் காட்டு. ஒன்றையும் விடாதே, மெதுவாக்கிச் சொல்லாதே. கல்லில் என்ன எழுதுவது என்பதை இனி அவர் சொல்லட்டும்.

அண்ணை
பரமேஸ்வரன்


பிளேஸ்டோ
13.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைக் குசினி மேசையில் வைத்து டானியலுக்கு வாசித்தேன். எனக்கு வராத இங்கிலீசுக்கெல்லாம் நேரம் எடுத்தேன், ஒன்றையும் விடவில்லை. தாரா பக்கத்து அறையில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

“அவ எனக்குச் சொன்னது வேற. செய்தியைக் கேட்டவுடன அப்பா அழத் தொடங்கிட்டார், அழுகையில கதைக்க ஏலாமல்தான் போனை வைச்சவர் எண்டு சொன்னவ. என்ர அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னவ. பிறகு ஏன் அவர் கதைக்கிறேல்லை எண்டு நான் கேட்டால், அவருக்கு அழுகை வந்திடும், விடுங்கோ எண்டுவா. ஒன்பது வருசமா நான் உங்கட அண்ணையை மனம் மெலிஞ்ச ஒரு மனுசன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

இதை உங்களுக்கு எழுதுவதா என்று நான் கேட்டேன். ஓம், எழுதுங்கோ என்றார்.

கல்லில் என்ன எழுதுவதென்று தான் சொல்ல மாட்டாராம். தமிழில் ஒரு வரி வேண்டும் என்பது அவருடைய யோசனையே இல்லை, அண்ணை. கடைசிக் கிழமை ரூபினி கேட்டிருக்கிறாள். “அப்பா எழுதித் தரவேணும், அவர் பேர் எழுதினால் பிழை வராது” என்று சொல்லியிருக்கிறாள். தகப்பன் தானாக மனம் வந்து எழுத வேண்டும், கட்டாயத்தில் எழுதக் கூடாது என்று அவர் அதை இவ்வளவு நாளும் எனக்கே சொல்லவில்லை.

அடுத்த மாதம் ரூபினி போய் ஒரு வருடம், ஆட்டைத்திவசம் வருகிறது. திதியைப் பார்த்து எழுதுங்கள், நானும் இங்கே மரக்கறி காய்ச்சிப் படைக்கிறேன்.

உங்களைத் தனியே விட்டுவிட்டு இங்கே இருப்பது எனக்கு மனம் கேட்கவில்லை. மாசியில் லீவு கேட்டிருக்கிறேன்.

கௌரி


நீர்வேலி
24.11.2024

அன்புத் தங்கைக்கும், மருமகன் டானியலுக்கும், பேத்தி தாராவுக்கும்,

மூவரும் சுகமாக இருக்க வேண்டும். சம்பந்தி அம்மா பியற்றிஸ் அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, வணக்கம் என்றே சொல்.

திவசம் செய்து முடித்தேன். அழைத்தது பத்துப் பேரை, வந்தது ஆறு பேர். ஐயர் பெயரைக் கேட்டார். சிவரூபினி லாவெண்டர் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, திரும்பச் சொன்னேன். நவரத்தினம் மாஸ்டர் பக்கத்திலிருந்தவர்களுக்கு, “அது ஒரு பூவின்ரை பேர்” என்று விளக்கினார். “இல்லை மாஸ்டர், கட்டாடி எண்டு கருத்து” என்றேன். இரண்டு பேர் சாப்பிடாமல் எழும்பிப் போனார்கள். மாஸ்டர் சாப்பிட்டார். ஆனால் அன்றிலிருந்து பேப்பர் கொண்டுவந்து தருவதில்லை. வந்தால் வரட்டும்.

எல்லோரும் போன பிறகு, கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வாளியை எடுத்தவன் அப்படியே கிணற்றுக்கட்டின் மேல் இருந்துவிட்டேன். அவள் செத்த செய்தி வந்தபோதும் எனக்குக் கண்ணீர் வந்ததில்லை, கௌரி. அன்றைக்கு நிற்பாட்ட முடியவில்லை. மருமகனுக்குச் சொல், ரூபினி அவருக்குச் சொன்னது பொய்யாகாது. பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

நீ மாசியில் வா. வரும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர மருமகன் சம்மதித்தால் வரட்டும். கட்டாயப்படுத்தாதே.

கல்லுக்கான வாசகத்தைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கேயும் எழுதுகிறேன்.

சிவரூபினி லாவெண்டர்
டானியலின் மனைவி, தாராவின் தாய்
நீர்வேலி பரமேஸ்வரனின் மகள்

வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது. வெட்ட முன்னம் ஒவ்வோர் எழுத்தாக நீ பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாளென்றால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். கல்லில் வெட்டிய பிறகு திருத்த முடியாது.

அண்ணை
பரமேஸ்வரன்